பாத்ரூம் மூலையில் ஒரு கறுப்புக் கோடு!

''அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க... நீங்க மேல குளிக்கிறீங்க, கீழ எங்க குழந்தைக்கு இழுப்பு வருது!''

காலிங் பெல் அடித்துவிட்டு வாசலில் நின்றபடி கீழ் வீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும், சிரிப்பதா கோபப்படுவதா என்றே எனக்குப் புரியவில்லை. ''வந்து பாருங்களேன்'' என்று கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் பாத்ரூமை ஒட்டினாற்போல் படுக்கையறை. சுவரில் மேலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் மிளகைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். அந்தச் சுவரை ஒட்டித்தான் நாலு வயதுப் பையனின் கட்டில். தலைமாட்டில் நெபுலைசர். ''வீட்டுல எங்கயாவது ஓதம் இருக்கான்னு டாக்டர் கேட்டார்க்கா. அப்பதான் கட்டிலை நகர்த்திப் பார்த்தோம்'' என்றாள்.

எனக்கு உடனே எங்கள் பாத்ரூம் மூலைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஷவருக்குக் கீழே, இரண்டு சுவர்கள் சேரும் இடத்திலிருந்து தரை வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. மாதம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். போகும், பத்து நாளில் திரும்ப வரும். இரண்டு வருஷத்தில் இரண்டு முறை கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த மூலையில் வெள்ளை சிமென்ட் அடைத்தாயிற்று. இரண்டு முறையும் மூன்றே மாதத்தில் மயிரிழை போல் விரிசல். விரிசல் விட்ட இடத்தில் மறுபடி கறுப்பு.

மூன்றாவது முறை வந்தவர் வயதான டைல்ஸ் மேஸ்திரி. குந்தி உட்கார்ந்து, ஆணியால் அந்தக் கோட்டை ஒரு கீறு கீறினார். சிமென்ட் பொடியாகக் கொட்டியது. நிமிர்ந்து பார்த்து, ''ஏம்மா, கதவு கீல்ல யாராவது சிமென்ட் பூசுவாங்களா?'' என்றார். எனக்குப் புரியவில்லை. ''மூலைன்னா அது ஆடும்மா. ஆடுற இடத்துல சிமென்ட் நிக்காது. ரப்பர் மாதிரி ஏதாவதுதான் நிக்கும்.''

இரண்டு வருஷமாக நான் செய்துகொண்டிருந்த தப்பு அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது.

சுவர் ஆடுமா?

ஆடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆடும். ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் டைல்ஸ்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் அசையும். அதனால் அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் 'கிரவுட்' என்கிற சிமென்ட் கலவை போட்டால் அது பாட்டுக்கு இருக்கும். ஆனால் மூலையில் சந்திப்பது இரண்டு வேறு வேறு சுவர்கள். ஒன்று வெயில் படும் வெளிச்சுவர், இன்னொன்று உள்சுவர். ஒன்றில் செங்கல், இன்னொன்றில் கான்கிரீட் தூண். ஆளுக்கொரு விதமாக விரியும், சுருங்கும். கீசர் தண்ணீர் பட்டால் சூட்டில் ஒரு விரிவு. தளத்தின் மேல் பாரம் ஏறும்போது தரை ஒரு துளி வளையும். புதுக் கட்டடமென்றால் முதல் சில வருஷங்கள் கட்டடமே மெள்ள மெள்ள அமரும். இவ்வளவும் வந்து சேருகிற இடம் அந்த மூலைக் கோடு.

சிமென்ட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. காகிதத்தின் கனம் அளவுக்கு இழுபட்டாலும் விரிசல் விட்டுவிடும். அந்த விரிசல் பெரிதாக இருக்க வேண்டியதே இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மெல்லிய விரிசல்தான் தண்ணீரை நன்றாக உறிஞ்சி உள்ளே இழுக்கும். டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் சாந்து, ஊறிய பஞ்சு போலாகிவிடும். முன்பக்கம் வழவழவென்று டைல்ஸ் இருப்பதால் வந்த வழியே அந்த ஈரம் சீக்கிரம் காயாது. கீழே இறங்கும். இல்லாவிட்டால் சுவருக்குள் புகுந்து அடுத்த அறைக்குப் போகும். கீழ் வீட்டுப் படுக்கையறைக்கு அது போனது இப்படித்தான்.

இதற்குத்தான் சிலிக்கான் சீலன்ட். அமெரிக்காவில் இந்த வகைப் பொருள்களையெல்லாம் பொதுவாக 'காக்' என்பார்கள். நம் ஹார்டுவேர் கடையில் 'சிலிக்கான்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பேஸ்ட் மாதிரி டியூப்பில் வரும், போட்ட பிறகு காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு ரப்பராக இறுகும். சுவர் விலகினால் தானும் நீளும், நெருங்கினால் சுருங்கிக்கொள்ளும்.

ஆக, எங்கே எது என்று குழம்ப வேண்டாம். ஒரே சமதளத்தில் டைல்ஸும் டைல்ஸும் சேருமிடத்தில் கிரவுட். சுவரும் சுவரும், சுவரும் தரையும் என்று திசை மாறும் இடத்தில் சிலிக்கான். டைல்ஸ் வேறு பொருளோடு சேருமிடத்திலும், அதாவது கதவு நிலை, வாஷ்பேசின், பாத் டப், குழாய் வெளியே வரும் துவாரம் இங்கெல்லாமும் சிலிக்கான்தான். இது மேஸ்திரியின் கைப்பக்குவம் மட்டுமல்ல. வட அமெரிக்க டைல் கவுன்சிலின் கையேட்டில் 'இ.ஜே. 171' என்ற பகுதியே இதற்காக இருக்கிறது. திசை மாறும் இடங்களில் நெகிழ்வான சீலன்ட்தான் போடவேண்டும் என்கிறது அது.

''அப்போ எல்லா இடத்திலும் சிலிக்கானையே போட்டுட்டா?'' என்று இவர் கேட்டார். கூடாது. சுவர் முழுக்க ரப்பரை அடைத்துவிட்டால், எப்படியோ உள்ளே போய்விட்ட ஈரம் வெளியே ஆவியாக வழியே இராது. தவிர, சிலிக்கானில் சோப்பு அழுக்கு நன்றாக ஒட்டும். பெரிய பரப்புக்கு அது சரிப்படாது.

இன்னொரு கேள்வி, இப்போது பல வீடுகளில் கேட்பது: எபாக்ஸி கிரவுட் போட்டால் மூலைக்கும் போதாதா? எபாக்ஸி நல்ல பொருள்தான். தண்ணீரை உறிஞ்சாது, கறை பிடிக்காது. ஷவர் சுவருக்கும் தரைக்கும் வசதியிருந்தால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதுவும் இறுகிய பிறகு கல் மாதிரிதான். மூலையில் அதற்கும் சிமென்ட்டின் கதிதான். சில சமயம் அது விரிசல் விடாமல் டைல்ஸின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். அதிகச் செலவு செய்துவிட்டோமே என்பதற்காக மூலையின் சுபாவம் மாறாது!

வெள்ளை சிமென்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் நம் வீடுகளில் டைல்ஸ் இடைவெளிக்கு அதைத்தான் கரைத்து ஊற்றினார்கள். அதில் பிடிப்புக்கான பாலிமர் எதுவும் கிடையாது. காயும்போது சுருங்கும், நாள்பட்டால் பொடியாகும். கடையில் கிரவுட் என்று தனியாகக் கிடைக்கும்போது இதை எதற்கு வாங்குவானேன்?

கறுப்பு என்ன செய்யும்?

அந்தக் கறுப்பு, பூஞ்சை. காற்றில் எப்போதும் மிதக்கும் பூஞ்சை வித்துகளுக்கு ஈரமும், கொஞ்சம் சோப்பும், நம் உடம்பு அழுக்கும் கிடைத்துவிட்டால் போதும், குடித்தனம் ஆரம்பித்துவிடும். நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்பார்கள். காயவே காயாத விரிசலில்? சில பாத்ரூம்களில் ரோஸ் நிறத்தில் வழவழப்பாக ஒரு படலம் படியும். அது பெரும்பாலும் பூஞ்சை அல்ல, பாக்டீரியா. அதுவும் ஈரம் பார்த்து வருவதுதான்.

அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2004-ல் வெளியிட்ட அறிக்கை, ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளுக்கும் இருமல், மூச்சிரைப்பு, ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கிளம்புவது ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. 2009-ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்லி வழிகாட்டுதல் வெளியிட்டது. 'இவ்வளவு பூஞ்சை இருந்தால் பரவாயில்லை' என்று ஓர் அளவை அது கொடுக்கவில்லை. ஓதத்தையே வரவிடாதீர்கள் என்றுதான் சொன்னது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனது. வீட்டுச் சுவர்களில் இருந்த பூஞ்சையை நீண்ட நாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக்கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அப்பா 2017-லேயே புகார் செய்திருக்கிறார். பூஞ்சை மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்களாம். அந்தக் குழந்தையின் பெயரால் 2023-ல் அங்கே சட்டமே வந்தது. எல்லா பாத்ரூம் கறுப்பும் இவ்வளவு தூரம் போகும் என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு மூலையில் உள்ள சின்னக் கோடு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் வீட்டில் வீஸிங் உள்ள குழந்தையோ, ஆஸ்துமாக்காரரோ, கீமோதெரபி போன்ற சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால் அந்தக் கோட்டைச் சும்மா விடாதீர்கள். மேலே பூசி மறைப்பதும் வேண்டாம்.

ஆசிட் பாட்டிலைக் கீழே வையுங்கள்!

கறுப்பைப் பார்த்ததும் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம், ஆசிட் ஊற்றுவது. போர் தண்ணீர் உப்புக்கறைக்காக மாதாமாதம் ஆசிட் கழுவும் வீடுகள் எத்தனை! ஆசிட் உப்பை மட்டும் கரைப்பதில்லை, டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டையும் அரித்துக் கரைக்கிறது. 'பளிச்'சென்று ஆன மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு கழுவலிலும் கிரவுட் கொஞ்சம் இறங்கும், தண்ணீருக்கு வழி அகலமாகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஆசிட் போட்டது போதாதென்று மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன பாத்ரூமில் குனிந்து தேய்க்கும்போது அது நேராக மூக்குக்குத்தான் வரும். கண் எரியும், தொண்டை அடைக்கும், நெஞ்சு இறுகும். சிலருக்கு சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் கழுவி முடித்துவிட்டு வருவோம் என்று நிற்காமல் உடனே வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். டாய்லெட் கிளீனர்களில் பலவற்றில் இருப்பதும் ஆசிட்தான். பாட்டில் அழகாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அவர்தானே கழுவுகிறார்!

மேலோட்டமான கறுப்புக்கு முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 60 மில்லி திரவ பிளீச் கலந்து, வேறு எதையும் சேர்க்காமல், ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறையோடு தேய்க்கலாம். பூஞ்சை பிடித்த இடம் 10 சதுர அடிக்கு மேல் இருந்தால், நாமாகச் செய்யாமல் தெரிந்த ஆளை வைத்துக்கொள்வது நல்லது. எப்படியானாலும் விரிசல் இருக்கிறவரை கறுப்பு திரும்ப வரும்.

வாங்குவதும் போடுவதும்

கடையில் மூன்று நான்கு வகை டியூப் காட்டுவார்கள். விலை குறைவாக இருக்கும் அக்ரிலிக் வகை, ஜன்னல் ஓரம் போன்ற காய்ந்த இடத்துக்கு. அதன் மேல் பெயின்ட் அடிக்கலாம். ஷவர் மூலைக்கு வேண்டாம். சிலிக்கானில் இரண்டு வகை. ஒன்று காயும்போது வினிகர் வாசனை அடிக்கும், அசிட்டாக்ஸி வகை. கண்ணாடிக்கும் பளபளப்பான டைல்ஸுக்கும் சரி. மார்பிள், சிமென்ட் போன்றவற்றில் அந்த அமிலம் வினை புரியும், கறை விழும், பிடிப்பும் குறையும். இன்னொன்று 'நியூட்ரல்' வகை. விலை சற்றுக் கூடுதல், ஆனால் எதிலும் ஒட்டும். சந்தேகமென்றால் நியூட்ரலையே வாங்குங்கள். டியூப்பில் 'சானிட்டரி' அல்லது 'ஆன்டி ஃபங்கல்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சையைத் தடுக்கும் மருந்து அதில் கலந்திருக்கும். அந்த மருந்துக்கும் ஆயுள் உண்டு, சில வருஷங்களில் குறைந்துவிடும். நிறத்தைப் பொறுத்தவரை, கிரவுட்டின் நிறத்திலேயே வாங்கினால் பார்க்க லட்சணமாக இருக்கும். கண்ணாடி போன்ற நிறமில்லாத சிலிக்கானை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பின்னால் இருக்கும் அழுக்கெல்லாம் தெரியும்.

அளவு ரொம்ப வேண்டாம். எங்கள் ஷவர் இடம் மூன்றடிக்கு நான்கடி. ஏழடி உயரத்துக்கு இரண்டு மூலைகள், தரையோரம் பத்தடி. மொத்தம் 24 அடி. 280 மில்லி டியூப் ஒன்று, ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்குப் போட்டால், சேதாரம் போக 40 அடி வரை வரும். ஒரு டியூப்பும் அதை அமுக்கும் 'கன்'னும் போதும்.

வேலையில் பாதிக்கு மேல் சுரண்டுவதுதான். இதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். மூலையில் உள்ள பழைய சிமென்ட்டை ஆக்ஸா பிளேடாலும் கட்டராலும் முழுதாக எடுத்துவிடவேண்டும். மேலாக எடுத்துவிட்டு அதன் மேலேயே சிலிக்கானைப் பூசினால் உள்ளே இருக்கும் பொடியோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். மூலையில் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் சிலிக்கானுக்கு நீள இடம் இருக்கும். பழைய சிலிக்கான் இருந்தால் அதைத் துளிகூட விடக்கூடாது. சிலிக்கானின் மேல் எதுவும் ஒட்டாது, புது சிலிக்கான்கூட ஒட்டாது!

அடுத்தது காயவைப்பது. ஒரே பாத்ரூம் உள்ள வீடுகளில் இதுதான் கஷ்டம். நாங்கள் இரண்டு நாள் பக்கெட்டோடு பக்கத்து வீட்டில் குளித்தோம். ஈரத்தின் மேல் சிலிக்கான் போட்டால் பூஞ்சையை உள்ளே வைத்து மூடின மாதிரிதான். சிலிக்கானுக்குப் பின்னாலிருந்து கறுப்பு கிளம்பும், அதை எந்த மருந்தாலும் தேய்க்கமுடியாது. டேபிள் ஃபேனை மூலையைப் பார்த்து ஓடவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். மாசி, பங்குனி சௌகரியம். காய்ந்த பிறகு துணியில் ஸ்பிரிட் தொட்டு ஓரங்களைத் துடைத்துவிடுங்கள், சோப்புப் பிசுக்கு போய்விடும்.

பிறகு கோட்டின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டியூப்பின் மூக்கைச் சாய்வாக வெட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். முதலில் நிமிர்ந்த மூலைகள், கடைசியில் தரையோரம். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒருமுறை தடவுங்கள், ஒரே முறை. தடவத் தடவ அசிங்கமாகத்தான் ஆகும், நான் ஆக்கியிருக்கிறேன். மேலே தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடவேண்டும். அப்புறம் முழுதாக ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், தண்ணீர் படக்கூடாது. வாசனை அடங்கும்வரை இழுப்புக்காரர்கள் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சிலிக்கான் டியூப்பைத் தூக்காதீர்கள். கீழ் வீட்டுச் சுவர், நாம் ஊருக்குப் போயிருக்கும் நாட்களிலும் ஈரமாகவே இருந்தால், குழாய்க்குள் கசிவு இருக்கலாம். பிளம்பர்தான் பார்க்கவேண்டும். தரைத் துவாரத்தைத் துணியால் அடைத்து, சுவரை நனைக்காமல் ஓரங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பார்த்தபோது கீழே சொட்டினால், தரையின் வாட்டர் புரூஃபிங்கோ, தரையோர இணைப்போ, துவாரத்தைச் சுற்றிய இடமோ போயிருக்கலாம். டைல்ஸும் கிரவுட்டும் சிலிக்கானும் மேல் சட்டை மாதிரி. உண்மையான தடுப்பு டைல்ஸுக்கு அடியில் உள்ள வாட்டர் புரூஃபிங்தான். அது போயிருந்தால் உடைத்துச் செய்வதைத் தவிர வழியில்லை. ஷவரில் குளிக்கும்போது மட்டும் ஈரம் வந்தால் மூலைமேல் சந்தேகப்படலாம். எங்களுக்கு அப்படித்தான். தண்ணீர் நிறுத்திப் பார்த்த நாளில் கீழே ஒரு சொட்டு இல்லை, மறுநாள் ஷவரைத் திறந்து மூலையில் அடித்ததும் கீழ் வீட்டிலிருந்து போன் வந்தது.

மூலை முடிந்து, கீழ் வீட்டுச் சுவர் காய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. காயும் முன்னே பெயின்ட் அடித்துவிடலாம் என்று அவசரப்பட்ட பெயின்டரை நானே தடுத்தேன். சுரண்டி, காயவிட்டு, புட்டி வைத்து அடித்த செலவில் பாதியை நாங்கள் கொடுத்தோம். பையனின் கட்டில் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. இன்ஹேலரை நிறுத்தவில்லை. அதை டாக்டர்தான் சொல்லவேண்டும். ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது என்கிறாள் அவன் அம்மா. மழைக்காலம் ஒன்று தாண்டட்டும் என்கிறார் டாக்டர்.

இப்போது எங்கள் பாத்ரூமில் ஒரு ரப்பர் வைப்பர் தொங்குகிறது. கடைசியாகக் குளிப்பவர் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை இருபது நிமிஷம் ஓடவிடவேண்டும். இவர் இன்னும் அதை மறந்துகொண்டுதான் இருக்கிறார். மிச்சமிருந்த சிலிக்கான் டியூப்பின் மூக்கில் ஒரு பெரிய ஆணியைச் செருகி அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கிச்சன் சிங்க் ஓரத்துக்கு ஆகும்.